பாப்பாவின் கையும் என் காலும்

பாப்பா, உன் வலது கையில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே இருக்கும் தழும்பைப் பற்றிப் போன வாரம் கேட்டாய். "சின்னதுல ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டேன். அது பாதி பதில்தான். மீதியை எழுதி வைக்கிறேன். தம்பியும் படிக்கட்டும்.

அப்போது நாங்கள் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக ஐந்து போர்ஷன், எல்லோருக்கும் முற்றத்தில் ஒரே குழாய். காலையில் அந்தக் குழாயடியில் ஐந்து ஊர்த் தமிழும் கேட்கும். நான் வாலாஜாபாத், உன் அம்மா சிவகங்கைப் பக்கம். "இன்னா கொழம்பு?" என்று நான் கேட்டால், "இன்னாவும் இல்ல, கின்னாவும் இல்ல, புளிக்கொழம்பு" என்பாள். குடம் வைக்கச் சண்டை, அரைமணி நேரத்தில் அதே ஆட்கள் ஒரே தட்டில் வடை. இப்போது இருக்கிற அபார்ட்மென்ட்டில் எதிர்வீட்டுக்காரர் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

நீ பிறந்தபோது அந்த இரண்டு விரலும் ஒட்டியிருந்தன. ஒட்டிய இடத்துக்குள் கூடுதலாக ஒரு குட்டி விரல் எலும்பு இருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். கொஞ்ச மாதம் போகட்டும், சென்னையில் பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஹவுஸ் ஓனர் அக்கா உன்னைப் பார்க்க வந்தார். நல்ல மனசுக்காரர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "நீ மாசமா இருக்கசொல்ல கிரகணம் வந்துச்சே, கத்தி கித்தி எடுத்தியா?" என்றார். அம்மாவின் முகம் அப்படியே விழுந்துபோனது. கிரகணத்தன்று அவளுக்கு ஸ்ரீபெரும்புதூர் போன் கம்பெனியில் ஷிஃப்டு. லீவு கிடைக்கவில்லை. பேக்கிங்கில் உட்கார்ந்து, நாள் முழுக்கக் கட்டரால் டேப் வெட்டியிருக்கிறாள்.

அதன் பிறகு உன்னைக் குழாயடிக்கே கொண்டுவரமாட்டாள். உள்ளே படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பாள். பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம் என்றேன். "எல்லாரும் கையத்தான் பாப்பாக. என்னத்தச் சொல்ல? கம்பெனி டார்கெட்டுக்காக டேப்ப வெட்டிப் புள்ள கையக் கெடுத்துப்புட்டேன்னா?" என்று அழுதாள்.

எனக்குள் வேறு பயம். நான் கார் கம்பெனியில், வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் பெயின்ட் ஷாப்பில் இருந்தேன். பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாடை யூனிஃபார்மோடு வீடுவரை வரும். அந்த வாடைதான் உன்னைக் கெடுத்துவிட்டது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு, கம்பெனியிலேயே இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருவேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்துச் சென்னைக்குப் போனோம். ஒரு டாக்டரம்மா உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, செருப்பக் கழட்டுங்க" என்றார். உள்ளே போட்டு வந்ததற்குத் திட்டுகிறார் என்று நினைத்து, "சாரி மேடம்" என்று ஓடிப்போய் வாசலில் விட்டுவிட்டு வந்தேன். அவர் சிரித்துவிட்டார். "செருப்புக்கு இல்லப்பா. காலக் காட்டுங்க."

எனக்கு இரண்டு காலிலும் நான்காவது விரலும் சுண்டுவிரலும் ஒட்டியிருக்கும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான், வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உன் அம்மா தினமும் பார்க்கிற கால்தான். ஆனால் கால் வேறு, கை வேறு என்றே இரண்டு பேரும் இருந்துவிட்டோம்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கருவில் கை முதலில் தோசைக்கரண்டி மாதிரித் தட்டையாக இருக்குமாம். பிறகுதான் விரல் பிரியுமாம். எத்தனை விரல், எங்கே இடைவெளி என்று சொல்வதில் ஹோமியோபாக்ஸ் ஜீன் என்ற ஒரு வகைக்குப் பெரிய பங்கு உண்டாம். அதில் 'ஹாக்ஸ் டி பதின்மூன்று' என்று ஒன்று. கை லைன், கால் லைன் இரண்டுக்கும் அது ஒரே சூப்பர்வைசர் என்று நான் புரிந்துகொண்டேன். நம் வீட்டு ஜீனில் ஒரு சின்னத் துண்டு தேவைக்கு மேல் சில தடவை திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. ரத்தம் எடுத்துப் பிறகு அதை உறுதியும் செய்தார்கள். சிலருக்குக் காலோடு போய்விடும், சிலருக்குக் கையில் தெரியும். என்னிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. உனக்கு வந்தது, பிறகு பிறந்த தம்பிக்கு வரவில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் ஆபரேஷன் செய்து விரலைப் பிரித்துவிடலாம் என்றார்; நீ கேட்ட தழும்பு அதுதான்.

"அப்ப அந்தக் கிரகணம்?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"கரு உண்டான அன்னிக்கே எழுதியாச்சும்மா. கிரகணம் என்ன பண்ணும்?"

"தின்னர், மேடம்?" என்றேன் நான்.

"அதுவும் இல்லப்பா."

அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "தின்னரா?"

பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் சொன்னேன். "என்னாலதான் வந்துது" என்றும் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பூந்தமல்லி தாண்டியதும், "இந்தக் கோணக்கால வச்சுக்கிட்டா என்னைய ஆறு மாசம் அழ விட்டீக?" என்று தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். வலித்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது.

மறுநாள் நான் ஷிஃப்டு முடிந்து உள்ளே நுழையும்போது குழாயடியில் நல்ல கூட்டம். "டாக்டர் இன்னா சொன்னாங்கோ?" என்று ஹவுஸ் ஓனர் அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "இந்தா வந்துட்டாகல்ல. ஏங்க, அந்த ஷூவக் கழட்டுங்க" என்றாள்.

அத்தனை பெண்கள் முன்னால் சேஃப்டி ஷூ, சாக்ஸ் எல்லாம் கழற்றி நின்றேன். அக்கா குனிந்து பார்த்தார். "அட, ஆமாம்மே! ஒட்டிக்கினுதான் கீது!" என்றார். "அப்போ உம்மேல ஒண்ணியும் இல்லியா?"

"நம்ம மேல என்னக்கா இருக்கு?" என்று சொல்லிவிட்டு, அம்மா உள்ளே போய் உன்னைத் தூக்கிவந்து அக்கா கையில் கொடுத்தாள். நீ அவர் கைக்குப் போனவுடன் அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாய்.