பெட்டிக்காரன் குத்திய மூன்று புள்ளிகள்

என் தம்பியைப் பணிமனையில் பெட்டிக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்தின் கியர் பெட்டியைத் தவிர வேறு எதிலும் அவன் கை வைப்பதில்லை. இருபத்திரண்டு வருடம் அதே மேஜை, அதே மூலை. நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். எட்டாவதோடு நின்றுவிட்டேன், தையல் ஆலையில் துணி வெட்டுகிறேன். அவனைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று பேசிவிட்டார்கள். நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெட்டியைப் பிரித்தால், கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு திருகையும் பழைய செய்தித்தாளின் மேல் அடுக்கி வைப்பான். பக்கத்தில் நின்று யாராவது தும்மினால்கூட முறைப்பான். அவனுக்கென்று இன்னொரு பழக்கமும் இருந்தது. தேய்ந்த பாகத்தையே மறுபடி போட வேண்டி வந்தால், பஞ்ச் என்கிற கூர்முனை உளியை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவான். குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புள்ளி விழும். ஒரு புள்ளி என்றால் ஒரு தடவை திரும்பப் போட்டது, இரண்டு என்றால் இரண்டு தடவை. அவனைத் தவிர வேறு யாருக்கும் அதன் அர்த்தம் தெரியாது. எதற்கடா இது என்று கேட்டிருக்கிறேன். அடுத்த தடவை திறக்கும்போது தனக்கே தெரிய வேண்டாமா என்றான்.

கியர் கம்பியில் கையைப் போட்டபடி ஓட்டுகிற டிரைவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. நெட்டை டிரைவர் என்று ஒருவர் இருந்தார். அவரிடம் ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான்.

"அது என்ன, உங்க வீட்டுப் பூனையாண்ணே? தடவிக்கிட்டே வர்றீங்க?"

"பொண்டாட்டி கையப் பிடிச்சா உதறி விடுறா தம்பி. இதாவது சும்மா இருக்கே" என்றார் அவர். பணிமனை முழுக்கச் சிரித்ததாம்.

கையை வைத்தால் பெட்டி நிஜமாகவே கெடுமா என்று நானும் கேட்டேன். அவன் விளக்கிச் சொன்னான். பெட்டிக்குள் கவை மாதிரி ஓர் இரும்பு, சுற்றுகிற வளையத்தை இரண்டு பக்கமும் அணைத்து நிற்கும். கியர் மாற்றுகிற அந்த ஒரு கணம் வளையத்தைத் தள்ளினால் போதும்; மற்ற நேரமெல்லாம் அதன் மேல் உரசாமல் இருக்க வேண்டும். கையின் கனம் கம்பியில் இருந்தால் கவை வளையத்தின் மேல் சாய்ந்துகொண்டே இருக்கும். "ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாதுக்கா. வருஷக் கணக்குல வெச்சா, செருப்புக் குதி தேயுற மாதிரி தேயும்" என்றான்.

நெட்டை டிரைவருக்கு அந்த வருடம் வேறு வண்டி மாற்றிக் கொடுத்தார்கள். அதில் இரண்டாவது கியர் நிற்காது. இறக்கத்தில் தானாகக் கழன்று வந்துவிடும். தம்பி பெட்டியைத் திறந்தான். கவையில் ஏற்கெனவே இரண்டு புள்ளிகள். முனை கத்தி போலத் தேய்ந்திருந்தது. ஸ்டோரில் புதியது இல்லை; கேட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. வண்டியை நிறுத்தி வைக்கலாம் என்று ஃபோர்மேனிடம் சொன்னான். நிறுத்தினால் யார் பதில் சொல்வது, இருப்பதையே மாட்டு, வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிவிட்டார். எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப் பேச்சுதான்.

மூன்றாவது புள்ளியைக் குத்திவிட்டு மாட்டினான். அதுவரை எந்தப் பாகத்திலும் அவன் மூன்று புள்ளி குத்தியதில்லை. வண்டியை எடுக்க வந்த நெட்டை டிரைவரிடம், "இறக்கத்துல ரெண்டாவதுல போகும்போது கையால அழுத்திப் பிடிச்சுக்கங்கண்ணே. விட்டுறாதீங்க" என்றான்.

"பூனையத் தடவக் கூடாதுன்னு சொன்ன ஆளு நீதானே?" என்று அவர் சிரித்தார்.

ஐந்து வாரம் அவர் பிடித்துக்கொண்டேதான் ஓட்டினார். ஆறாவது வாரம் ஒரு காலை, ஆள் நிறைந்த வண்டி, பெரிய இறக்கம். குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. திருப்புவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்தார், கியர் கழன்றது. அத்தனை கனத்தையும் பிரேக்கால் மட்டும் தாங்க முடியவில்லை. இறக்கத்தின் அடியில் நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு தாயும் மகளும் வண்டி மோதி அங்கேயே இறந்துபோனார்கள். மகள் பள்ளிச் சீருடையில் இருந்தாள்.

வண்டியில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சாட்சி சொன்னார்கள்: அந்த டிரைவர் எப்போதும் கியர் கம்பியில் கையை வைத்துக்கொண்டேதான் ஓட்டுவார். பெட்டியைப் பிரித்தார்கள், கவை தேய்ந்திருந்தது. டிரைவரின் கெட்ட பழக்கத்தால் பாகம் தேய்ந்து விபத்து என்று அறிக்கை தயாரானது. வேலை போவதோடு சிறையும் உண்டு என்றார்கள். அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள்.

விசாரணைக்குத் தம்பியையும் கூப்பிட்டார்கள். முந்தின ஞாயிறு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தான். சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தானே தவிர, ஒரு வாய் சாப்பிடவில்லை. அந்தப் புள்ளிகளைப் பற்றிக் கேட்பார்கள் என்றான். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை: பொய் சொல்லச் சொன்னவள் நான்தான்.

"வார்ப்புல வந்த புள்ளின்னு சொல்லிடுடா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேக்கா" என்றான்.

உன் பிள்ளைகளை நினைத்துப் பார் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

விசாரணை அறைக்குள் நான் இல்லை. அங்கே நடந்ததை நெட்டை டிரைவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பையில், சீட்டு கட்டிய கவை. கம்பியில் கை வைத்தே ஓட்டினால் இது தேயுமா தேயாதா, ஆமா இல்லை என்று மட்டும் சொல்லச் சொன்னார் அதிகாரி.

"தேயும் சார்" என்றான் தம்பி.

நெட்டை டிரைவர் கண்ணை மூடிக்கொண்டாராம். அதிகாரி எழுதி முடிக்கும் வரை தம்பி காத்திருந்தான். பிறகு சொன்னான்.

"ஆனா இது அவர் கையால தேஞ்சது இல்ல சார். தேஞ்சதைத்தான் நான் மாட்டினேன். அந்த மூணு புள்ளியும் நான் குத்தினது. கையால பிடிச்சுக்கச் சொன்னதும் நான்தான்."

ஒவ்வொரு புள்ளியும் எப்போது விழுந்தது என்று மாதத்தோடு சொன்னான். ஃபோர்மேனைக் கேட்டார்கள். இப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை, பெட்டிக்காரன் தானாகச் செய்திருப்பான் என்றார். காகிதம் எதுவும் இல்லாததால் அது அதோடு முடிந்தது.

நெட்டை டிரைவரை விட்டுவிட்டார்கள். தம்பிக்கு வேலை போனது. பத்து மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபின் எந்தப் பட்டறையிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது பழைய இரும்புக் கிடங்கில் வண்டிகளை உடைத்துப் பிரித்துப் போடுகிறான். அங்கேயும் திருகுகளை வரிசையாக அடுக்குகிறானாம், முதலாளி சிரிக்கிறார்.

அவன் உண்மையைச் சொன்னதில் எனக்குப் பெருமை. அதை அவனிடம் ஒருமுறை சொன்னேன். அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மூணாவது புள்ளி குத்தும்போதே எனக்குத் தெரியும்க்கா. சுத்தியலைக் கீழ வெச்சுட்டு மாட்ட மாட்டேன்னு சொல்லியிருக்கணும். புள்ளி குத்தினாப் போதும்னு நெனச்சுட்டேன்" என்றான்.

போன மாதம் தம்பி இருந்த நேரத்தில் நெட்டை டிரைவர் என் வீட்டுக்கு வந்தார். மறுபடி அதே வண்டியைத்தான் ஓட்டுகிறாராம். இப்போது கியர் கம்பியில் கையே வைப்பதில்லை என்றார். மாற்றின உடனே ஏதோ சுட்டதுபோல் கையை எடுத்துவிடுவாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பி ஒன்றுதான் விசாரித்தான்.

"கவை மாத்திட்டாங்களாண்ணே?"

அவர் சொல்லத் தயங்கினார். "மாத்திட்டாங்க தம்பி. நம்ம விபத்துக்கு அடுத்த வாரமே ஸ்டோருக்கு வந்துருச்சு. ஒரு பெட்டி நிறைய."

தம்பி தலையை ஆட்டினான். நான் வைத்த தேநீர் ஆடை கட்டும் வரை அப்படியே இருந்தது.