பூட்டி வைத்த இரண்டு வருடம்

அன்றைக்கு அப்பா இருந்தார், அண்ணை இருந்தார், நான் இருந்தேன். அண்ணி இல்லை. தன் தாயாருக்குச் சுகமில்லையென்று மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா. அவ இல்லாத நேரம் பார்த்துத்தான் கதையை எடுத்தேன் என்பதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

கதை எட்டு லட்சம் ரூபா பற்றியது. நீர்வேலித் தோட்டத்து வாழைக்குலை விற்று, லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின் ஒன்று வாங்கவென்று அண்ணையும் அண்ணியும் ஆறு வருடமாகச் சேர்த்த காசு. பண்டத்தரிப்பில் ஒருவர் தான் பாவித்த மெசினை விற்கவிருந்தார். நான் குறுக்கே புகுந்து, அந்தக் காசை ஒரு வருடம் பங்குச் சந்தையில் போடச் சொன்னேன்.

சும்மா சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தவன் நான். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். கணினியில் ஒரு விதி எழுதியிருந்தேன். ஒரு பங்கின் விலை கடந்த சில வாரச் சராசரிக்கு மேலே போனால் வாங்கு, கீழே வந்தால் வில். ஆசைக்கும் பயத்துக்கும் அதில் இடமில்லை. கையிலிருந்த பத்து வருட விலைகளில் முதல் எட்டு வருடத்தை வைத்து விதியை உருவாக்கினேன். கடைசி இரண்டு வருடத்தைத் தனிக் கோப்பில் பூட்டி வைத்தேன்.

"அதை ஏன் பூட்டினனி?" என்று கேட்டார் அண்ணை.

"பழைய சோதினைப் பேப்பர் செய்து பழகின பெடியனுக்கு அதே பேப்பரைக் குடுத்தா நூறு எடுப்பான். அதிலை என்ன கெட்டித்தனம்? காணாத பேப்பரிலை எடுக்கோணும். அந்த ரெண்டு வருசம்தான் காணாத பேப்பர்."

"அதிலை பாஸோ?"

"ஓம்."

அப்பா சிரித்தார். "உவன் கம்பஸுக்கு எடுக்கிற ஏ.எல். சோதினைக்கு முதலும் உப்பிடித்தான் புழுகினவன். எடுத்துக் காட்டினான்தானே. குடு."

அண்ணை கொடுத்தார்.

முதல் மாதம் கொஞ்சம் ஏறியது. பிறகு இறக்கம்தான். விதி வாங்கச் சொன்ன நாள் உச்சியாக இருந்தது, விற்கச் சொன்ன நாள் பள்ளமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் தரகுக் கூலி வேறு. நாலாம் மாதம் அண்ணை கேட்டார்: "தம்பி, இது பொறுக்கிற நட்டமோ, பொறுக்கக் கூடாத நட்டமோ? அதை மட்டும் சொல்லு."

விதி நல்லதென்றால் பொறுக்கத்தான் வேண்டும். நல்லதா என்று பார்க்கப் பழைய கோப்புகளைத் திறந்தேன். விதியின் ஆறு வடிவங்கள் கிடந்தன. பத்து வாரச் சராசரி: பூட்டிய இரண்டு வருடத்தில் நட்டம். பன்னிரண்டு வாரம்: நட்டம். சின்னக் கம்பனிகளை நீக்கிப் பார்த்தது: கொஞ்சம் குறைந்த நட்டம். இப்படியே போய் ஆறாவதில் இலாபம். தோற்ற ஒவ்வொரு முறையும் விதியைத் திருத்திவிட்டு, அதே இரண்டு வருடத்தையே திரும்பத் திறந்திருக்கிறேன்.

கள்ள எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. அது என் கைப்பழக்கம். பிழைத்த பேப்பரைத் திருப்பிச் செய், சரிவரும்வரைக்கும் செய் என்பதுதான் டியூட்டரி வகுப்பில் படித்த வழி. அந்த வழியால்தான் கம்பஸ் போனேன். ஆனால் அங்கே உண்மையான வினாத்தாள் யாரோ ஒருவரிடம், ஒட்டிய உறைக்குள் இருந்தது. இங்கே உறையும் என் கையில், பேனையும் என் கையில். ஒருதரம் திறந்ததோடு அது கண்ட பேப்பர் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அந்த இரண்டு வருடத்துக்கு அளவெடுத்துச் சட்டை தைத்ததுதான். வருகிற வருடத்துக்கு அது எப்படிப் பொருந்தும்?

"பொறுப்பம்" என்று சொல்லியிருக்கலாம். விலை ஏறவும் கூடும், ஒருவருக்கும் தெரிய வராது. அந்த ஆசை வந்ததும் உண்மை.

அடுத்த நாள் காலையில் தோட்டத்துக்குப் போனேன். அண்ணை தாய்மரத்தடியில் வாழைக்குட்டி கிளப்பிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, பாஸ் எண்டு நான் சொன்னது சரியில்லை. ஒரே பேப்பரை ஆறுதரம் செய்தனான். ஆறாந்தரம்தான் பாஸ்."

"பாத்தெழுதினனியோ?"

"அப்பிடித்தான் வரும்."

அவர் ஒரு குட்டியின் கிழங்கில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே நின்றார். மண் போன பிறகும் தட்டினார். "எல்லாத்தையும் வித்துப்போட்டு வா. அண்ணிக்கு நீயே போய்ச் சொல்லு. நான் சொல்லமாட்டன்."

விற்றேன். பின்னேரம் அண்ணியிடம் சொன்னேன். அவ கத்துவா என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை.

"உங்கடை அண்ணை படியாதவர், தம்பி. ஒருக்காத் தோத்தா அதோடை விட்டிருப்பார். நீர் படிச்சனீர். அஞ்சுதரம் தோத்துப்போட்டு வந்து பாஸ் எண்டு சொல்லியிருக்கிறீர்."

பண்டத்தரிப்பு மெசின் எப்போதோ விலைப்பட்டுப் போயிருந்தது. அண்ணி மேசை இலாச்சியைத் திறந்து கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்தா. "சொல்லும், எழுதுறன்." பங்கில் போனது, தரகுக் கூலியோடு, இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். "இந்த நாலு மாசமும் வாடகை மெசினுக்குக் குடுத்ததையும் போடோணும்" என்று முப்பத்தாறாயிரத்தைத் தானே கீழே எழுதினா. கோடு கீறிக் கூட்டி, கொப்பியை என் பக்கம் திருப்பினா: இரண்டு லட்சத்து எழுபத்தாறாயிரம் ரூபா.