கயிற்றுக்கு வெளியே ஒரு புளியமரம்

ரூஜ் என்ற புறநகரில் என் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த அபி, தான்சானியாவில் பாதுகாக்கப்பட்ட காடொன்றில் மரங்களைக் கணக்கெடுக்கப் போயிருந்தாள். அவள் போனபின் வீட்டில் குக்கர் மட்டுந்தான் சத்தம் போட்டது.

ஞாயிறுகளில் வீடியோவில் வருவாள். தலை வாரி இழுக்கவில்லை என்று சொல்லி நான் என் கமராவைப் போடுவதில்லை.

அங்கே கயிறு கட்டிய சதுரத்துக்குள் நிற்கும் மரங்களை மட்டும் அளந்து, இனம் எழுதுவார்கள். ஒருநாள் அவளுக்குப் பின்னால், கயிற்றுக்கு வெளியே, தனியாக ஒரு புளியமரம் தெரிந்தது.

“அதை ஏன் பிள்ளை விட்டனீ?”

“வெளியில நிக்குது அன்ரி. கணக்கில வராது.”

“கயித்தைத் தள்ளிக் கட்டினால் என்ன?”

“பிறகு முழுக்கணக்கும் பிழைச்சிடும்.”

எனக்கு ஏனோ கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அந்த மரத்தடியிலிருந்தே போன் எடுத்தாள். “கணக்குக்கு இல்லை அன்ரி. சும்மா பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்.”

சும்மா என்னைப் பார்க்க யாரும் வந்து கனகாலம். தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, கமராவைப் போட்டேன்.