கீழாநெல்லியும் கிணற்றுத் தண்ணீரும்

என் புருஷனின் அக்காவை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. யார் என்ன நினைத்தாலும் சரி.

மெர்டேக்கா, அதாவது இந்த நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருஷம். காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு, அதை ஒட்டியே கக்கூஸ். மழை பெய்தால் இரண்டும் ஒன்றுதான். நான் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் யாருக்கும் கொடுக்கமாட்டேன். செமாபோக்கிலிருந்து வந்து இறங்குகிற என் நாத்தனாரோ, ஈரலுக்கு நல்லது என்று கீழாநெல்லியைப் பச்சைத் தண்ணீரில் அரைத்துத் தம்பிக்கு வெறும் வயிற்றில் கொடுப்பாள். கொதிக்க வைத்தால் மூலிகைக்குச் சக்தி போய்விடுமாம். அவரும் நல்ல பிள்ளையாட்டம் குடிப்பார்.

முதலில் சீதபேதி வந்தது. அது நின்று சில வாரம் கழித்துக் காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே வலி, இருமினால் தோள்பட்டை வரைக்கும் இழுக்கும். "கள்ளுக்கடைக்குப் போயிருப்பான், ஈரல் வெந்துபோச்சு" என்று எங்கள் கம்பத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள். ஒரு சொட்டு தொடாத மனுஷன். அப்புறம் மஞ்சக்காமாலை என்று மாற்றிச் சொல்லி, உப்பை நிறுத்தி, அதே சாற்றைக் கொடுத்து, ஆஸ்பத்திரி பக்கமே விடவில்லை. ஆள் எலும்பும் தோலுமாகிப் பேச்சுக் குழறியதும் நானே டாக்சி பிடித்தேன்.

முன்னால் சீதபேதி வந்ததா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். அழுக்குத் தண்ணீரிலிருக்கிற கிருமி குடலைப் புண்ணாக்கி, ரத்தத்தோடு ஈரலுக்குப் போய்ச் சீழ் கட்டியிருக்கிறது, குடிக்காதவனுக்கும் வரும் என்றார். விலா இடுக்கில் நீளமான ஊசியை விட்டு இழுத்தார்கள். பெலாச்சான் இறால் விழுதைக் கரைத்த நிறத்தில் சீழ் வந்துகொண்டே இருந்தது. கிருமியைக் கொல்லத் தினமும் ஒரு ஊசி. அது இருதயத்தைப் பாதிக்கும், எழுந்து நடக்கக் கூடாது என்றார்கள். இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே நாத்தனார் வந்து நின்றாள். கிணற்றில் இறைத்தாள், அரைத்தாள், டம்ளரை நீட்டினாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "வெள்ளக்காரன் படிப்பு" என்றாள். "விடு, அக்கா மனசு நோகும்" என்று இவர் கையை நீட்டுகிறார். பாவி மனுஷன்.

டம்ளரைப் பிடுங்கி அவளிடமே கொடுத்தேன். "நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்க அண்ணி."

டம்ளரைப் பார்த்தாள். கக்கூஸ் பக்கம் பார்த்தாள்.

"எனக்கு இந்தத் தண்ணி ஆகாது. நான் கொதிக்க வச்சதுதான் குடிப்பேன்" என்றாள்.

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.