சொல்லாமல் கிளம்பிய பயல்

பதிப்பகத்தில் எல்லோரும் அவளைச் 'சிவப்பு மை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறாள். எழுத்துப் பிழையைத் தவிர கதையில் கை வைக்கக் கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். அவள் அதை மீறியதே இல்லை, அந்தப் பத்து வயசுப் பயல் வந்து சேரும் வரைக்கும்.

பயல் ஒரு சிறுவர் நாவலின் கதாநாயகன். பதினாலாம் பக்கத்தில் ஜன்னல் வழியாகக் குதித்து, பறக்கும் ஆமை மேல் ஏறி, மேகத்துக்கு அப்பால் இருக்கும் நாட்டுக்குக் கிளம்பிவிடுகிறான். ஸ்வெட்டர் கிடையாது, சாப்பாடு கிடையாது, பெற்றவளிடம் ஒரு வார்த்தை கிடையாது. நாற்பது நாள் கழித்துத் திரும்பி வருகிறான். அம்மாக்காரி சிரித்துக்கொண்டே தட்டு வைக்கிறாளாம். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஊரில் எந்தத் தாய் இப்படிச் சிரிப்பாள்?

அவள் வீட்டிலும் ஒருத்தி கிளம்ப நின்றாள். மகளுக்குப் பனிக்கடலுக்குப் போகும் ஆராய்ச்சிக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை கப்பல். அக்காவோ மகளின் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பத்து நாளாக வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

அந்த எரிச்சலில் பதினாலாம் பக்க ஓரத்தில் ஒரு வரியைச் செருகிவிட்டாள்: 'அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.'

மறுநாள் எழுத்தாளர் அச்சுப்படியோடு வந்து நின்றார்.

"என்னக்கா இது? எழுத்துப் பிழையா?"

"பிழைதான் சார். பத்து வயசுப் பிள்ளை இப்படியா கிளம்பும்?"

"கிளம்பலேன்னா கதையே இல்லையே."

"கிளம்பட்டும், யாரு வேணாம்னா? சொல்லிட்டுக் கிளம்பட்டும்."

"சொன்னா அந்தம்மா விடுவாங்களாக்கா? ஆமையைப் பிடிச்சுக் கட்டிப் போட்டுடுவாங்க."

அக்காவின் கை கைப்பையில் கிடந்த பீரோச் சாவி மேல் போயிற்று. மகள் சொல்லாமலா கிளம்பினாள்? எதிரே உட்கார்ந்து, வேலைக் கடிதத்தைக் காட்டி, பொறுமையாகச் சொன்னாள். அதற்குக் கிடைத்த மரியாதைதான் பீரோப் பூட்டு.

அவள் தன் வரியைத் தானே அடித்தாள். "அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துடுங்க சார். சத்தியமா அவ சிரிச்சிருக்க மாட்டா" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாஸ்போர்ட்டை எடுத்து மகள் முன்னால் போட்டாள்.

"ஸ்வெட்டர் ரெண்டு எடுத்து வை. ஒண்ணு பத்தாது."

மகள் பாஸ்போர்ட்டை மெல்லக் கையில் எடுத்தாள். "கோவமாம்மா?"

"ஆமா. நீ திரும்பி வர்ற வரைக்கும் இருக்கும்."