சாம்பியன் ஷூவுல இருந்த சேறு

எனக்குப் பேத்தி பொறந்து இன்னையோட நாப்பத்தாறு நாளாச்சு. மூக்கு அப்படியே என் மூக்கு. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்லிட்டு இருக்கேன். என் வீட்டுக்காரி, "பொம்பளப் புள்ளைக்குப் போயா அந்த மூக்கு"ன்னு தலையில அடிச்சுக்கறா. ஆனா நான் சொல்ல வந்தது பேத்தியப் பத்தி இல்ல. அவ பொறந்த அன்னிக்கு என்னால என் மச்சானுக்கு வந்த வினையப் பத்தி.

மச்சான்னா, என் வீட்டுக்காரியோட கூடப்பொறந்த அண்ணன். கோல்ஃப் கிளப்புல, ஆட்டக்காரங்க துணி மாத்துற ரூம்ல இருபத்தாறு வருஷம் ஷூ தொடச்சவரு. 'பளபளா'ன்னாதான் எல்லாருக்கும் தெரியும். ஆடிட்டு வர்ற ஷூவுல புல்லும் மண்ணும் அப்பிக் கெடக்கும். வழுக்காம இருக்க அடியில பல்லுப் பல்லா வச்சிருப்பாங்க. அந்தப் பல்லுக்கு நடுவுல இருக்கிற மண்ண முதல்ல குச்சி வச்சு நோண்டுவாரு. அப்புறம் ஈரத்துணி, அப்புறம் பிரஷ், கடைசியாத்தான் பாலிஷ். வரிசை மாறவே மாறாது. பஸ்ல ஏறினாக்கூட யாரு மூஞ்சியையும் பாக்க மாட்டாரு, காலத்தான் பாப்பாரு. "மாப்ள, மூணாவது சீட்டு, இடது ஷூ தையல் விட்டுருச்சு பாரு"ன்னு என் காதுல சொல்லுவாரு. நான் பாத்தா அந்தாளு என்னைய மொறைப்பான்.

முட்டி வலி வந்து குனிய முடியாமப் போனதும், கிளப்புக்காரங்க அதே காம்பவுண்டுல இருக்கிற கோல்ஃப் மியூசியத்துல அவருக்குக் கூட்டித் தொடைக்கிற வேலை குடுத்தாங்க. நான் அங்க தச்சன். கப்பு, மட்டை, தொப்பி எல்லாம் வைக்கிற ஸ்டாண்டும் கண்ணாடிப் பெட்டியும் என் கை வேலை. வருஷா வருஷம் பெரிய ஆட்டக்காரங்க நாலு பேரத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒரு ரூம் ஒதுக்கிக் காட்சி வைப்பாங்க. இந்த வருஷம் எங்க கிளப்புலயே ஆடி வளந்த சாம்பியன் ஒருத்தருக்கும் ஒரு ரூம். அவரு செத்து ரெண்டு வருஷம் ஆவுது.

அந்த ரூமுக்கே உசிரு ஒரு ஜோடி ஷூ. இருபத்திநாலு வருஷத்துக்கு முன்னாடி, கொட்டுற மழையில, கடைசிக் குழிக்குப் பக்கத்துல குளத்தோரச் சேத்துல நின்னு அடிச்சு ஜெயிச்சாரு. அதோட மட்டையத் தொடல. சேறும் சகதியுமா இருந்த ஷூவ அப்படியே ஒரு பொட்டியில போட்டு வச்சுட்டாரு. அவரு மகன்தான் அத மியூசியத்துக்குக் குடுத்தது. மியூசியத்தப் பாத்துக்கற மேடம் என்னையக் கூப்பிட்டு, "பெட்டியப் பூட்டுற வரைக்கும் இத யாரும் தொடக்கூடாது. இதுல சேறுதான் விசேஷம். உங்க பொறுப்பு"ன்னாங்க. நான் மண்டைய மண்டைய ஆட்டினேன்.

காட்சி திறக்கறதுக்கு முந்தின நாள், காலையில பதினொன்றரை மணி. பெட்டியோட முன்கண்ணாடிய மாட்டிட்டு இருக்கேன், போன் அடிச்சுது. மருமகன். "மாமா, பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அந்த ரூம்லதான் மச்சான் தரை தொடச்சிட்டு இருந்தாரு. சாவிய அவரு கையில திணிச்சேன். "மச்சான், நான் தாத்தா ஆயிட்டேன்! பெட்டியத் தொடச்சுப் பூட்டிடுங்க, நான் ஓடறேன்."

"நீ போ மாப்ள. பாத்துப் போ, ரோட்டுல விழுந்து வைக்காத. இங்க நான் பாத்துக்கறேன்."

கண்ணாடியத் தொடைக்கத்தான் சொன்னேன். ஆனா என் வாயில வந்தது 'பெட்டிய'. ஷூவத் தொடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. விவரம் எழுதின அட்டையும் அதுவரைக்கும் ஒட்டல.

மூன்றரை மணிக்கு மிட்டாய் டப்பாவும் கையுமாத் திரும்பி வந்தேன். மச்சான் பெட்டி முன்னாடி இடுப்புல கை வச்சு நின்னு சிரிச்சாரு. உள்ள ஷூ ரெண்டும் நேத்துக் கடையில வாங்கின மாதிரி மின்னுது.

"என்ன மச்சான் பண்ணி வச்சிருக்கீங்க?"

"எப்படி? தோலு காஞ்சு விறகாக் கெடந்துச்சு. மூணு மணி நேரம் மாப்ள! சோத்துக்குக்கூடப் போகல."

"அந்தச் சேத்தத்தான மச்சான் எல்லாரும் பாக்க வர்றாங்க!"

அவரு கெக்கெக்கேன்னு சிரிச்சாரு. "தாத்தா ஆனதுல உனக்கு மறை கழண்டு போச்சு. சேத்தப் பாக்க எவனாச்சும் டிக்கெட் வாங்குவானா?" அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாரு. சிரிப்பு அப்படியே நின்னுருச்சு. பக்கெட்டக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்தாரு.

"அந்த ஆட்டத்தன்னிக்கு நான் லீவு மாப்ள. ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? அன்னிக்கு அவரு சம்சாரத்துக்கு எட்டாம் மாசம். நானும் ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன். புள்ள மூச்சில்லாமப் பொறந்துச்சு. கையில ஒண்ணும் இல்லாம மழையில நனஞ்சுக்கிட்டு மூணு பேரும் வீட்டுக்கு வந்தோம். அதுக்கப்புறம் அவங்களுக்குப் புள்ளையே இல்ல.

"நான் இருந்திருந்தா அந்த ஷூ அழுக்காப் போயிருக்குமா? பளபளா எங்கடான்னு கேட்டிருப்பாரு அந்தாளு. இன்னிக்குப் பெட்டிக்குள்ள பாத்ததும், விட்டுப் போன வேலைய முடிச்சிருவோம்னு உக்காந்துட்டேன். உனக்கும் நல்ல சேதி வந்த நாளாச்சேன்னு..."

சொல்லி முடிக்கல. எனக்கோ பயத்துல புத்தி குறுக்கால போச்சு. "மச்சான், குளம் எங்கயும் ஓடிப் போகல. அதே மண்ணுதான். கொழச்சு அப்பிருவோம், யாருக்குத் தெரியும்?"

"எனக்கு ஷூவச் சுத்தம் பண்ணத்தான் தெரியும் மாப்ள. அழுக்காக்கத் தெரியாது. ஊரையே ஏமாத்தச் சொல்றியா? போ அந்தப் பக்கம்."

அதுக்குள்ள மேடம் வந்துட்டாங்க, கூடவே சாம்பியனோட மகன். அந்த மனுஷன் கத்தல. கண்ணாடிகிட்டக் குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, "எங்கப்பா கடைசியா நின்ன மண்ணு"ன்னு மட்டும் சொன்னாரு. அவரு நாலு அறை விட்டிருந்தாக்கூடத் தாங்கியிருக்கலாம்.

"நான்தாங்க தொடச்சேன்"னு மச்சான் எந்திரிச்சாரு.

"பெட்டி எப்படித் திறந்துச்சு?" மேடம் கேட்டாங்க.

மச்சான் என் பக்கம் திரும்பவே இல்ல. "பூட்டாமக் கெடந்துச்சுங்க. நானாத்தான் எடுத்தேன்." அவரு கை மட்டும் முதுகுக்குப் பின்னால வந்து, சாவிய என் பேன்ட்டுப் பைக்குள்ள போட்டுருச்சு.

சேத்துல பொய் சொல்ல மாட்டேன்னவரு எனக்காகச் சொன்னாரு. நான் மிட்டாய் டப்பாவப் புடிச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னேன். அவரு கழுத்துல தொங்கின அடையாள அட்டையக் கழட்டி மேடம்கிட்டக் குடுத்துட்டு, படியில ஒவ்வொரு காலா வச்சு எறங்கிப் போனாரு.

மூணாம் நாள் பேத்தியப் பாக்க வந்தாரு. கைய ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தூக்கினாரு. "மூக்கு உங்கப்பன் மூக்குதான், பொழச்சுக்கும்"னு என் மககிட்டக் கிண்டல் பண்ணாரு. மியூசியத்தப் பத்தி ஒரு பேச்சில்ல. அவரு போனப்புறம் வீட்டுக்காரி, "அண்ணன் ஏன் இப்படிப் பண்ணுச்சோ. நல்லவேளை, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகல"ன்னா. சாப்பிட்டுட்டு இருந்த தட்ட நகத்தி வச்சேன். எல்லாத்தையும் அவகிட்டச் சொன்னேன். தட்டக்கூட எடுக்காம எந்திரிச்சு உள்ள போயிட்டா.

மறுநாள் காலையில மேடம் ரூமுக்குப் போயி, சாவி குடுத்தது நான்தான், சொல்லாம விட்டதும் நான்தான்னு ஒப்புக்கிட்டேன். அந்த மழை நாளையும் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே"ன்னாங்க. மேல பேசிப் பாக்கறேன்னாங்க. பேசினாங்க. பதில் வந்துச்சு: சாவி யாரு குடுத்திருந்தாலும் தொடச்சது அவருதான், அவர வேலைக்குத் திரும்ப எடுக்க முடியாது. எனக்குப் பத்து நாள் வேலை கெடையாது, இனிமே சாவியும் கெடையாது. அவ்வளவுதான்.

பளபளன்னே அந்த ஷூவ வச்சிருக்காங்க. பக்கத்துல சேத்தோட எடுத்த பழைய போட்டோ. எனக்குப் படிக்கத் தெரியாது, மேடத்தப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், கீழ அட்டையில 'ஊழியரின் கவனக்குறைவால் சேறு அகற்றப்பட்டது'ன்னு போட்டிருக்காம். கவனக்குறைவு என்னோடது. அவரு மூணு மணி நேரம் சோறு தண்ணி இல்லாமக் கவனமா உக்காந்து செஞ்சாரு. அட்டைய மாத்துங்கன்னு மூணு தடவ கேட்டுட்டேன்.

நான் ஒத்துக்கிட்டது தெரிஞ்சப்ப மச்சான், "லூசு மாப்ள, ரெண்டு பேரும் வீட்ல குந்திக்கிட்டா பேத்திக்கு யாரு தொட்டில் வாங்குறது?"ன்னு திட்டினாரு. "தச்சன் எவனாச்சும் தொட்டில் வாங்குவானா?"ன்னேன். சிரிச்சாரு. தெனம் பத்து மணிக்கு வந்து, என் மக குளிச்சிட்டு வர்ற வரைக்கும் புள்ளைய மடியில வச்சிருக்காரு.

நேத்துத் தடுப்பூசி போடப் பேத்தியத் தூக்கிட்டு எல்லாரும் பஸ்ல போனோம். எதுத்த சீட்டுல ஒருத்தன், ஷூ முழுக்கக் காஞ்ச மண்ணு, ஒரு பக்கம் வாயப் பொளந்துக்கிட்டு இருக்கு. மச்சான் என் காதுல ஏதாச்சும் சொல்லுவாருன்னு காத்துக்கிட்டே இருந்தேன். அவரு எறங்குற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியவே பாத்துக்கிட்டு வந்தாரு.