பூஜையில் வைத்த ரிவால்வர்

பழைய சாமான்களைத் தூக்கிப் போடலாம் என்று அலமாரியை ஒழித்தபோது அந்த ரிவால்வர் கையில் தட்டுப்பட்டது. உருளையைச் சுற்றினேன். அதே கடகட சத்தம்.

மொரீஷியஸ் தீவின் மாயெபூரில் அப்போது எனக்கு ஒன்பது வயது. கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்து தந்த விளையாட்டுத் துப்பாக்கி அது. பார்க்க அசல் கௌபாய் ரிவால்வர்தான். சுதந்திரத்துக்கு முந்தைய கலவரக் காலம் என்று தெரியாமல், எங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கான்ஸ்டபிள் வந்து நின்றார்.

அன்று ஆயுத பூஜை. அப்பாவின் கரும்பு வெட்டும் கத்திக்கும் அம்மாவின் கத்தரிக்கோலுக்கும் நடுவில் ரிவால்வரையும் வைத்திருந்தேன். அம்மா எல்லாவற்றுக்கும் வரிசையாகக் குங்குமம் வைத்து முடித்திருந்தாள். கான்ஸ்டபிள் குனிந்து கை நீட்டினார்.

"பா துசே! தொடாதீங்க, பூஜையில இருக்கு," என்று கிரியோலும் தமிழும் கலந்து அம்மா கத்தினாள். "நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. ஆனால் கான்ஸ்டபிளும் தைப்பூசத்தில் காவடி எடுக்கிற தமிழர்தான். கையை இழுத்துக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டு, இடுப்பிலிருந்த தடியை உருவி ரிவால்வருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுக்கும் ஒரு பொட்டு வைங்க அக்கா."

கலவர நேரத்தில் வெறுங்கையோடு ரோந்துக்குப் போனார். விடிந்ததும் வந்து, என்னைப் போலவே உருளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "பொம்மைதான்," என்று சிரித்தார். தடியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

தடி எங்கே என்று ஸ்டேஷனில் கேட்டிருப்பார்களே, என்ன சொல்லிச் சமாளித்தாரோ! அது தெரியாமல் இதை எப்படித் தூக்கிப் போடுவது? மறுபடியும் அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.